பன்றிக்கறிக்கு அம்மா இடித்த பொடி

போன மாதம் என் மருமகள் கூரியரில் வந்த கண்ணாடிப் புட்டி ஒன்றைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். புகை போடும் பன்றிக்கறியில் தடவுகிற பொடியாம். "மோந்து பாருங்க அத்தை, எப்படி இருக்கு?" என்றாள். மோந்தேன். பூண்டு வாசனை வந்தது, சீனி வாசனை வந்தது, அதோடு சரி. "இதுக்குப் போய் எதுக்கும்மா கூரியர்? நாமளே இடிச்சுக்கலாமே" என்றேன். "உங்களுக்கு இதெல்லாம் எப்படி அத்தை தெரியும்?" என்று சிரித்தாள் பாருங்கள், எனக்குச் சுரீரென்று வந்துவிட்டது. எனக்கா தெரியாது? இந்தப் பொடிக்காக எங்கள் வீடு ஒரு மழைக்காலம் முழுக்கத் தும்மிக்கொண்டிருந்தது. ஒரு கல்யாணமே இந்தப் பொடியை நம்பி நின்றது.

அவளிடம் சொன்னால் இருங்க, வீடியோ எடுக்கிறேன் என்பாள். அதனால் உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கும் என் வயதுதான். ஆளுக்கொரு மாத்திரை டப்பா வைத்திருப்பீர்கள், கொழுப்பைத் தொடாதே என்று டாக்டர் சொல்லியிருப்பார். படிப்பதற்கு எந்த டாக்டரும் தடை போடுவதில்லை, தைரியமாகப் படியுங்கள்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. மன்னார்குடியிலிருந்து பட்டுக்கோட்டை போகிற பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தால் எங்கள் வீடு. அப்பா, அம்மா, அப்பாவின் தம்பியான சித்தப்பா, நான் என்று நாலே பேர். கொல்லையிலிருந்து ஒரு வரப்பு நேராக வயலுக்குள் ஓடும். அதன் முடிவில் மோட்டார் கொட்டகை.

அந்தக் கொட்டகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டு அடுப்பில் ஆடு ஏறும், கோழி ஏறும், மீன் ஏறும். பன்றி மட்டும் ஏறாது. ஏறாது என்றால் தின்ன மாட்டார்கள் என்று அர்த்தமில்லை. எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் சித்தப்பாவும் கொட்டகைக்குப் போவார்கள். அங்கே அதற்கென்று தனி அடுப்பு, தனிச் சட்டி, தனி அகப்பை. சமைத்து, இலை போட்டுத் தின்று, பம்புசெட்டில் குளித்துவிட்டு வீடு திரும்புவார்கள். அம்மா கொல்லைக் கதவடியில் நின்றுகொண்டு "குளிச்சாச்சா?" என்று கேட்பாள். "ஆச்சு" என்பார் அப்பா. அவ்வளவுதான் பேச்சு. கறியின் பெயரைக்கூட வீட்டுக்குள் யாரும் சொல்வதில்லை. 'கொட்டகைச் சமையல்' என்றுதான் அதற்குப் பெயர்.

சின்னப் பிள்ளைக்கு ஒன்றும் ஒட்டாது என்று எனக்கு மட்டும் இரண்டு பக்கமும் அனுமதி உண்டு. கொட்டகையில் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து அம்மா கையால் மோர்ச் சோறும் தின்பேன். அம்மா அதைத் தின்னக் கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தின்னலாம் என்றும் யாரும் சொன்னதில்லை. அம்மாவுக்கு அது பிடிக்காது என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். அம்மா என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது பின்னால் வரும்.

இனி சித்தப்பா. அவர் வாயைத் திறந்து பேசினால் மழை வரும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அம்மா கல்யாணமாகி வந்தபோது அவருக்கு அரைக்கால் சட்டை வயசாம். அம்மாதான் சோறு போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து ஆளாக்கினாள். அந்த வருஷம் சம்பா நடவுக்கு வரப்பு வெட்டும்போது மண்வெட்டியைக் காலிலேயே போட்டுக்கொண்டார். பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். கட்டு மாற்ற அடிக்கடி போய்வந்தார். காயம் ஆறியது. கட்டு மாற்றப் போவது மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் அம்மா பிடித்துவிட்டாள். "தம்பி, காலைக் காட்டுங்க." சித்தப்பா காலைப் பின்னுக்கு இழுத்தார். அம்மா விடவில்லை. கட்டை அவிழ்த்தால் உள்ளே தழும்புதான் இருந்தது, அதுவும் நன்றாகக் காய்ந்த தழும்பு.

"ஆறிப்போன காலுக்கு எதுக்குத் தம்பி கட்டு?"

சித்தப்பா தரையைப் பார்த்தார். "நர்சம்மாதான் கட்டி விட்டாங்க அண்ணி."

"அவங்களா கட்டி விட்டாங்களா, நீங்க கேட்டீங்களா?"

"ரெண்டும்தான்."

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொல்லி, தரகரைக் கூப்பிட்டு அனுப்பச் சொன்னாள்.

தரகர் போய் அந்த நர்சைப் பற்றி விசாரித்து வந்தார். ஜாதகம் பொருந்துகிறது, குலம் கோத்திரம் எல்லாம் சரி. பெண்ணுக்கு அம்மா இல்லை. அப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு. இதற்கு முன் இரண்டு இடத்தில் பெண் கேட்டு வந்து, வந்த வழியே போய்விட்டார்களாம்.

"ஏன்?" என்றார் அப்பா.

தரகர் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "அவர் வீட்டுல அந்தக் கறி புழங்குதுங்க. பட்டாளத்துல இருந்தப்ப வடகிழக்கு மலைப்பக்கம் பழகிட்டாராம். அடுப்புக்கு மேல கட்டித் தொங்க விட்டு, பொகை போட்டு வச்சிருக்காரு. 'என் வீட்டுச் சாப்பாட்டைப் பாத்து மூஞ்சி சுளிக்கிறவங்க என் பொண்ணைக் கேட்டு வர வேணாம்'னு கண்டிஷனாச் சொல்லிட்டாருங்க. கார்த்திகை பொறந்ததும் வீடு பாக்க வர்றாரு."

அப்பா தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "இவ்வளவுதானே? மனுசன் நாக்குக்கு ஏங்கிக் கெடக்காரு. பொகை போட்ட கறியை நாமளும் செஞ்சு போட்டுட்டா முடிஞ்சுது."

இப்போது யோசித்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்த மனிதர் சொன்னது என்ன, இவர் புரிந்துகொண்டது என்ன? ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும், அம்மாவுக்கும்கூட, அதில் வேறு அர்த்தம் இருப்பதாகத் தோன்றவில்லை.

தரகர் எழுந்தபோது சித்தப்பா வாயைத் திறந்தார். "அண்ணே, இந்த இடம் அமையலேன்னா விட்டுடுங்க. வேற எங்கயும் பாக்க வேணாம்." அப்பாவுக்குத் திக்கென்றது. சித்தப்பா சொன்னால் சொன்னதுதான் என்று அவருக்குத் தெரியும். அம்மா அடுப்படிக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

ஆக, கறிக்குப் புகை போட வேண்டும். எப்படிப் போடுவது என்று யாருக்கும் தெரியாது. பெண்ணின் அப்பாவிடம் போய் உங்களுக்கு ஆக்கிப் போட எங்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்க முடியுமா? நர்சைக் கேட்கலாம் என்றால் சித்தப்பாவின் கால் கட்டும் அவிழ்த்தாகிவிட்டது, சம்பந்தம் பேசும்போது போய் நிற்பது மரியாதையும் இல்லை. அப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் மாட்டுக் கொட்டகை மூலையில் ஒரு பழைய குதிர் இருந்தது. நெல் கொட்டி வைக்க மண்ணால் செய்த ஆள் உயரக் கூடு. சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி இடுக்கில் சாணிமண் பூசியிருப்பார்கள். மேலே மூடி. அடியில் நெல்லைச் சரிய விடுவதற்கு ஒரு ஓட்டை. சாக்கு மூட்டை வந்தபின் நெல்லுக்கு அது வேண்டியிருக்கவில்லை. ஒரு கருங்கோழி அதற்குள் முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

"அடியில நெருப்பு, மேல மூடி. பொகை எங்க போகும்?" என்றார் அப்பா. வளையம் வளையமாகக் கழற்றி வரப்பு வழியே தூக்கிக்கொண்டு போய் மோட்டார் கொட்டகைத் தாழ்வாரத்தில் அடுக்கிப் பூசினார்கள். கருங்கோழியும் கொக்கரித்துக்கொண்டே கூடப் போனது. அது வீட்டைக் காலி செய்ய ஒப்புக்கொள்ளாமல் இரண்டு நாள் குதிர் மூடிமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. வெகுகாலம் கழித்து அந்தக் குதிர் விரிசல் விட்டு உடைந்தது. மிஞ்சிய ஒரு வளையத்தில் மண் நிரப்பிக் கறிவேப்பிலைக் கன்று வைத்திருந்தோம்.

பொடி அம்மாவின் பொறுப்பு. கறிதான் வீட்டுக்குள் வரக் கூடாது, பொடி வீட்டிலிருந்து வெளியே போகலாம். ஒரே சங்கடம், பொடி போன பாத்திரம் திரும்பி வர முடியாது. அதனால் அம்மா முதலில் நெளிந்த ஒரு கிண்ணத்தைக் கொடுத்தாள். பிறகு பால்பவுடர் டப்பா. அப்புறம் கொட்டாங்குச்சி. கடைசியில் வாழைச்சருகில் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். எடுத்துக்கொண்டு போவது நான். தின்று பார்த்துவிட்டு வந்து சொல்வதும் நான்தான். அந்த வீட்டில் அதுவரை என் பேச்சை யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் தடவை அம்மா எங்கள் வீட்டுக் குழம்புப் பொடியையே கொடுத்தனுப்பினாள். நம் பக்கத்துக் குழம்புப் பொடியில் என்னென்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மிளகாய், மல்லியோடு துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் ஒரு பிடி பச்சரிசியும் சேர்த்து வறுத்து இடித்திருக்கும். குழம்பு கெட்டியாக வர வேண்டுமே. கறித்துண்டில் அதைத் தடவிக் கம்பியில் கோத்துக் குதிருக்குள் தொங்கவிட்டு, அடியில் உமியைக் கொட்டிக் கங்கு போட்டார்கள். கறியிலிருந்து ஊறிய நீரில் பருப்பும் அரிசியும் ஊறி உப்பி, தடிமனாக ஒரு மாவுப் பூச்சு கட்டிக்கொண்டது. சாயங்காலம் மூடியைத் திறந்தால் பூச்சு மொத்தமும் கழன்று சாம்பலில் கிடந்தது. உள்ளே கறி வெள்ளை வெளேரென்று தொங்கியது.

"கறிக்கு அடை வார்த்துப் போட்ட மாதிரி இருக்குன்னு சொல்லு உங்கம்மாகிட்ட" என்றார் அப்பா. போய்ச் சொன்னேன். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பொடியைக் குத்தம் சொல்ல வந்துட்டாரு. பருப்பு போடக் கூடாதுன்னு முன்னமே சொல்றதுக்கென்ன?" என்றாள். யார் சொல்லியிருக்க முடியும்? யாருக்குத் தெரியும்? ஆனால் அன்றிலிருந்து அம்மா வேறு ஆளாகிவிட்டாள். ஏதோ தம்பிக்காகக் கொஞ்சம் இடித்துக் கொடுப்போம் என்பது போய், இது நம் கைக்கு வந்த சவால் என்றாகிவிட்டது.

"கையைக் காட்டு" என்றாள். காட்டினேன். என் விரல்களை மூக்குக்கு அருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு மோந்தாள். "உமிப் பொகை மட்டும் ஆகாது, சாம்பல் வாடை அடிக்குது. வேற கட்டை போடச் சொல்லு" என்றாள். ஐப்பசிக் காற்றில் முறிந்து விழுந்த கொய்யாக் கிளை ஒன்று கொல்லையில் கிடந்தது. அதைக் கழித்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். கொய்யாக் கட்டைப் புகை எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் பழவாசனை. இன்றைக்கும் எங்காவது அந்தப் புகை வந்தால் நான் நின்றுவிடுவேன்.

அடுத்த தடவை பருப்பு, அரிசி கிடையாது. மிளகு, மல்லி, சீரகம், காய்ந்த மிளகாய், விரலி மஞ்சள், நாலே நாலு வெந்தயம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்தாள். சேர்த்து வறுத்தால் மல்லி சிவப்பதற்குள் சீரகம் கருகிவிடும். உரலில் போட்டு அவள் உலக்கையைத் தூக்கினால் வாசலில் கட்டியிருந்த மாடு தும்மும். ஆனால் அடைமழை. நாலு நாளாகச் சூரியனைக் கண்ணால் பார்க்கவில்லை. உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராக நின்றது. அந்த உப்பைச் சேர்த்ததும் பொடி களியாகிவிட்டது. கறியில் தடவினால் சொட்டுச் சொட்டாக ஒழுகி நெருப்பையே அணைத்துவிட்டது.

"ஈரம்தான் சத்துரு" என்று அம்மா சொன்னாள். பிறகு கல்லுப்பை எடுத்து இரும்புச் சட்டியில் போட்டு வறுக்க ஆரம்பித்தாள். உப்பு படபடவென்று பொரிந்தது. சத்தம் அடங்கும்வரை வறுத்தாள். வறுத்த சாமான்களைச் சூடாக இடித்தால் வேர்த்துப்போகும் என்று முறத்தில் பரப்பி, முழுக்க ஆறிய பிறகுதான் உரலில் போட்டாள். பொடி மணல் மாதிரி கையில் ஒட்டாமல் உதிர்ந்தது. அன்றுதான் கறியின் மேல் முதல்முதலாகச் செம்மண் நிறத்தில் ஒரு பொருக்கு பிடித்தது. சித்தப்பா ஒரு துண்டு தின்றுவிட்டு, "அண்ணி ஜெயிச்சுட்டாங்கன்னு சொல்லு" என்றார். ஒரே வாரத்தில் அவர் பேசிய இரண்டாவது வாக்கியம் அது.

நான் ஓடிவந்து சொன்னேன். அம்மாவுக்குத் திருப்தி இல்லை. என் விரலை மோந்தாள். "காரம் தனியா நிக்குது. எதோடயும் சேரலை." புளிக்காய்ச்சலுக்குப் போடுவாளே, அதே மாதிரி வெல்லம் போடலாம் என்றாள். வெல்லத்தைத் துருவி, அடுப்புமேட்டில் இரண்டு நாள் காயவைத்துப் பொடித்தாள். முதலில் கை தாராளமாகப் போய்விட்டது, கறி கரிக்கட்டையாகக் கறுத்தது. குறைத்தாள். பளபளவென்று மெருகேறியது.

அப்புறம் சுக்கு. அது யாரும் கேட்காமல் அவளாகச் சேர்த்தது. "கொழுப்புக் கறி. வர்றவரு வயசானவரு, தனியாளு. வயித்துக்கு ஆகலேன்னா யாரு கஷாயம் வச்சுக் கொடுப்பா?" என்றாள். பார்த்தறியாத ஒரு மனிதரின் வயிற்றுக்காக அவள் கவலைப்பட்டது எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது. இப்போது அப்படி இல்லை.

ஒவ்வொரு நாளும் அவள் என்னிடம் கேட்கும் கேள்விகள் நீண்டுகொண்டே போயின. மேல்தோல் எப்படி இருந்தது, உள்ளே உப்புப் பிடித்திருந்ததா, கடித்தவுடன் முதலில் எது தெரிந்தது, மிளகா புகையா? எனக்கு என்ன தெரியும்? "நல்லாருந்துச்சும்மா" என்பேன். "நல்லாருந்துச்சுன்னா என்ன அர்த்தம்? நாக்கு இருக்கா இல்லையா உனக்கு?" என்று தலையில் குட்டினாள். ஒரு வாய் தின்று பார்த்தால் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு அந்தப் பாடு பட்டாள். வேண்டும் என்று அவளும் கேட்கவில்லை. வேண்டுமா என்று அப்பாவும் கேட்கவில்லை.

பட்டாளத்துக்காரர் வந்த அன்றும் மழை. தரகரோடு வந்தார். நெட்டையான ஆள், முதுகு வளையவே இல்லை. குடையை உதறிச் சுவரோரம் நிறுத்திய விதத்திலேயே பட்டாளம் தெரிந்தது. காபி கொடுத்தோம். அம்மாவைப் பார்த்து, "வணக்கம்மா" என்று கும்பிட்டார். சித்தப்பாவின் காலைப் பார்த்து, "கால் எப்படி இருக்கு தம்பி?" என்றார். சித்தப்பா சிவந்துபோய், "நல்லாருக்குங்க" என்றார். எல்லாம் நல்லபடியாகவே போனது.

சாப்பாட்டு நேரம் வந்ததும் அப்பா பெருமையோடு எழுந்தார். "வாங்க, அப்படியே வயல் பக்கம் போவோம். உங்களுக்குன்னு ஒண்ணு செஞ்சு வச்சிருக்கோம்." குடையைப் பிடித்துக்கொண்டு வழுக்கும் வரப்பில் வரிசையாகப் போனோம். கொட்டகைக்குள் மோட்டார் எண்ணெய் நாற்றம். தரையில் சாக்கு விரித்து இலை போட்டிருந்தது. அப்பா வெளியே போய்க் குதிர் மூடியைத் தூக்கினார். கொய்யாப் புகையும் மிளகும் வெல்லமும் கலந்து ஒரு வாசனை எழும்பியது. பட்டாளத்துக்காரர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணை மூடி மூச்சை இழுத்தார். அப்பா சித்தப்பாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். கறியை நறுக்கி, தனிச் சட்டியில் அதன் கொழுப்பிலேயே சின்ன வெங்காயத்தோடு புரட்டி, இலையில் சுடுசோற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

"இந்தப் பொடி யாரு இடிச்சது?" என்றார் அவர்.

"வீட்டுலதான். இவ அம்மா."

"அவங்க தின்னு பாத்து என்ன சொன்னாங்க?"

அப்பா சிரித்தார். "அவங்க இதையெல்லாம் தொட மாட்டாங்க. இது வீட்டு வாசப்படி தாண்டாது. நீங்க கவலையே பட வேணாம், இதுக்குன்னு எல்லாம் தனியா வச்சிருக்கோம்."

சோற்றுக்குப் போன கை நின்றது. அவர் கோபப்படவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகத்தான் கேட்டார். "என் பொண்ணு சின்னதுலேருந்து என்கூட உக்காந்து இதைத் தின்னு வளந்தது. அம்மா இல்லாத பொண்ணு, எனக்கு ஆக்கத் தெரிஞ்சது இதுதான். அது நாளைக்கு இங்க வந்தா எங்க உக்காந்து சாப்பிடும்? இந்த மோட்டாருக்குப் பக்கத்துலயா?"

அப்பா தரகரைப் பார்த்தார். தரகர் தலையைச் சொறிந்தார். சித்தப்பாதான், "நானும் கூட உக்காந்துக்கறேங்க" என்றார்.

"சரி தம்பி. அப்ப ரெண்டு பேருமா வெளியில உக்காந்திருப்பீங்க. நான் வந்தா மூணு பேரு." அவர் இலையைத் தொடவில்லை. முன்னால் வந்துபோன அந்த இரண்டு வீட்டுக் கதையும் அப்போதுதான் அப்பாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். சித்தப்பா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் நீர் நின்றது. நான் குடைகூட எடுக்காமல் ஓடினேன்.

அம்மா கொல்லைக் கதவடியிலேயே நின்றுகொண்டிருந்தாள். "சாப்பிட்டாரா? என்ன சொன்னாரு?"

"சாப்பிடலம்மா. இலையில அப்படியே இருக்கு."

"வாயில வைக்கவே இல்லையா?"

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன், பட்டாளத்துக்காரர் கேட்டதையும், சித்தப்பா அழுததையும். அம்மா என் விரலை மோக்கவில்லை. "தொட மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்?" என்று மட்டும் கேட்டாள். அதை என்னிடம் கேட்கவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வரப்பில் இறங்கிவிட்டாள். கறி அடுப்பில் இருக்கும்போது அவள் அந்த வரப்பில் கால் வைத்ததே கிடையாது.

அவள் கொட்டகைக்குள் நுழைந்ததும் அப்பா பதறி எழுந்தார். "நீ ஏன் இங்க வந்தே? உனக்குத்தான் ஆகாதே."

"எனக்கு ஆகாதுன்னு யாரு சொன்னா?"

"நீதானே..."

"நான் சொல்லவே இல்லை. உங்கம்மா சொன்னாங்க, நான் வந்த புதுசுல. அவங்க போனதுக்கப்புறம் நீங்களா மாத்திச் சொல்வீங்கன்னு நான் இருந்தேன்."

அப்பா விழித்தார். "உனக்குப் புடிக்கலைன்னுல்ல நான் இத்தனை வருஷமா மழையிலயும் வெயில்லயும் இங்க வந்து தின்னுக்கிட்டிருக்கேன்?"

பட்டாளத்துக்காரர் மீசைக்குள் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தரகருக்கும் தொற்றிக்கொண்டது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் பக்கம் திரும்பி, "மழையில எதுக்குங்கய்யா இங்க உக்காந்துக்கிட்டு? எழுந்திரிங்க. வீட்டுல வந்து சாப்பிடுங்க" என்றாள். சொல்லிக்கொண்டே அடுப்பிலிருந்த அந்தத் தனிச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டாள்.

அந்த ஊர்வலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்னால் அம்மா சட்டியோடு. அவள் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு சித்தப்பா. பின்னால் பட்டாளத்துக்காரர், தரகர், கையில் சோற்றுக் குண்டானோடு அப்பா. கடைசியில் நானும் கருங்கோழியும். கொல்லைக் கதவு திறந்துதான் இருந்தது. அம்மா அதில் நுழையாமல், வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், தெரு வாசல் வழியாக நுழைந்தாள். எதிர் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கூடத்தில் புது இலை போட்டாள். எல்லோருக்கும் அவள் பரிமாறி முடித்ததும் பட்டாளத்துக்காரர், "நீங்களும் உக்காருங்கம்மா" என்றார். ஆண்கள் பந்தியில் அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு கணம் தயங்கிவிட்டு எனக்குப் பக்கத்தில் ஒரு இலையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரும் சோற்றில் கை வைக்கவில்லை. எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா ஒரு துண்டை எடுத்தாள். பழக்க தோஷம், முதலில் மோந்தாள். வாயில் போட்டு மெதுவாக மென்றாள். அப்பா அவள் முகத்தையே பார்த்தார். விழுங்கினாள். நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"சுக்கு ஒரு துளி தூக்கலாப் போச்சு" என்றாள். "அடுத்த தடவை கொறைச்சுடறேன்."

பட்டாளத்துக்காரர் அப்போதுதான் தன் இலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றார்.

"சுக்குல மட்டும் கை வைக்காதீங்கம்மா" என்றார். "அதைக் கொறைச்சீங்கன்னா, கட்டிக் கொடுத்த பொண்ணைத் திரும்ப அழைச்சுக்கிட்டுப் போயிடுவேன்."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.